பட்டாவோடு கரணையும் தாருங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், எங்காவது ஓர் ஊரில் வீட்டுச் சுவர் இடிந்தது, தொகுப்பு வீட்டின் மேற்கூரை பெயர்ந்து விழுந்தது என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். அரசு வீடு கட்டித் தருகிறது; அதைப் பெண்ணின் பெயரில் எழுதியும் தருகிறது. அந்த வீட்டை எப்படிப் பேணுவது என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் பெண் வீட்டு உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்கும் பயிற்சி அளிப்பது, வீட்டுவசதித் திட்டங்களின் ஓர் அங்கமாகவே ஆக வேண்டும்.

உரிமை வந்த வழி

தமிழ்நாட்டில் பெண்ணின் பெயருக்கு வீடு வந்து சேர்ந்தது எளிதில் நடந்துவிடவில்லை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989-ல்தான் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்தது. 2005-ல் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று.

வீட்டுவசதித் திட்டங்களும் அதே திசையில் நடந்தன. 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டத்தில் வீட்டைப் பெண்ணின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்குவதே பொதுவிதி. இலவச வீட்டுமனைப் பட்டாக்களும் பெரும்பாலும் குடும்பத் தலைவியின் பெயரில்தான் தரப்படுகின்றன. பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு சலுகை தந்தது.

குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-ல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டப்படும் என்றது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். குறைந்தது 360 சதுர அடி. இத்தனை வீடுகளும் கட்டி முடித்த மறுநாளிலிருந்தே வெயிலிலும் மழையிலும் தேயத் தொடங்கும். அந்தத் தேய்மானத்தை யார் கவனிப்பது என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை.

கூரை விழுவதற்கு முன்

பழைய தொகுப்பு வீடுகள் நமக்குக் கற்றுத் தரும் பாடம் இதுதான். எந்த மேற்கூரையும் ஒரே நாளில் விழுவதில்லை. மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் துளையைச் சருகு அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்குகிறது. தளத்தில் மயிரிழை விரிசல் வழியாக ஈரம் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது, துருவேறிய கம்பி பருக்கிறது, பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் காரையைக் கீழே தள்ளுகிறது.

இது நடந்து முடியப் பல ஆண்டுகள் ஆகும். கடலோரத்தில், உப்புக் காற்றும் உவர்த் தண்ணீரில் கலந்த கலவையும் சேர்ந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குள் வீடு பலமுறை எச்சரிக்கிறது. முதலில் கூரையின் அடியில் பழுப்பு நிறத்தில் ஈரக்கறை. பிறகு கம்பி ஓடும் போக்கிலேயே ஒரு விரிசல். அதன் பிறகு, ஒரு கழியால் தட்டினால் அந்த இடம் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும்.

முதல் கறையிலேயே பிடித்துவிட்டால், மழைநீர்த் துளையைச் சுத்தம் செய்து, மாடித் தளத்தின் விரிசலை அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். கம்பி தெரியத் தொடங்கிய பிறகு கவனித்தால் ஆயிரக்கணக்கில் செலவு. கூரை விழுந்த பிறகு கவனித்தால் உயிருக்கு விலை கிடையாது.

கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றும் இப்படித்தான். இரண்டு இலை விட்டிருக்கும்போது விரலால் பிடுங்கலாம். ஓராண்டு விட்டால் வேர் சுவருக்குள் இறங்கிவிடும். பிறகு சுவரை உடைக்காமல் அதை எடுக்க முடியாது. ‘அரச மரத்தை வெட்டக் கூடாது’ என்று விட்டுவைப்பவர்களும் உண்டு. கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து மண்ணில் நட்டுவிட்டால் மரமும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்.

2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டுச் சிதைந்துபோன இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆண்டுக்கொரு முறை மாடியேறிப் பார்க்கும் பழக்கமும், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் அறிவும் அந்தக் குடும்பங்களுக்கு வாய்த்திருந்தால் இந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது மிச்சமாகியிருக்கும்.

பத்து ரூபாய் வாசரும் நானூறு ரூபாய் கூலியும்

பெரிய பழுதுகளை விடுங்கள். அன்றாடம் வரும் சின்னப் பழுதுகள்தான் ஏழைப் பெண்ணின் கையிருப்பை அரிக்கின்றன.

ஒரு குழாய் சொட்டுகிறது. இறுக்கி மூடினாலும் நிற்கவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டால் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்பார். சின்ன வேலைக்கு வந்துபோக அவருக்கும் கட்டுப்படியாகாது. வந்தால் முந்நூறோ நானூறோ கொடுத்தாக வேண்டும். அதுவரை இரவெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்கு அடியில் பாசி பிடிக்கும். சுவர் ஈரம் குடிக்கும்.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது? தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டுக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். ஸ்பேனரால் அதன் கழுத்தைத் திருகினால் உள்ளிருக்கும் தண்டு வெளியே வரும். தண்டின் அடியில் நகத்தளவு வட்டமாக ஒரு ரப்பர் வாசர். நாள்பட்டு நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, மரையில் டெஃப்லான் டேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றி மறுபடி இறுக்கினால் சொட்டுவது நின்றுவிடும். வாசர் பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். ஒருமுறை பக்கத்திலிருந்து காட்டிக் கொடுத்தால் அடுத்த முறை தானே செய்துவிடலாம்.

தாழ்ப்பாள் இறங்காத கதவு, நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் தொட்டி, அடைத்துக்கொள்ளும் சமையலறைத் தொட்டிக் குழாய், அடிக்கடி விழும் எம்.சி.பி. (தானியங்கி மின்தடுப்பு) சுவிட்ச் என எல்லாமே இந்த வகைதான். பொருளின் விலை சொற்பம். ஆளைக் கூப்பிடுவதும் காத்திருப்பதும்தான் பெருஞ்செலவு.

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் விழத் தொடங்கியது. அந்த ஆயிரத்தில் ஒரு குழாய்ப் பழுதுக்கு நானூறு போனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உதவித்தொகை கொடுப்பது போலவே, அது கையைவிட்டுப் போகாமல் காப்பதும் உதவிதான்.

கணவனை இழந்தவர்கள், கணவர் வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ வேலை செய்யத் தனியே குடும்பம் நடத்துபவர்கள், பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன முதிய பெண்கள் ஆகியோருக்குச் செலவோடு இன்னொரு சங்கடமும் உண்டு. வேலை தெரிந்த ஆண் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர் சொல்கிற விலையையும், செய்ததாகச் சொல்கிற வேலையையும் நம்ப வேண்டும். ‘மொத்தத்தையும் மாத்தணும்மா’ என்று அவர் சொன்னால், எதற்காக என்று கேட்கும் தெம்பு வருவதில்லை.

பயிற்சியின் முதல் பலன் அந்தத் தெம்புதான். எல்லா வேலையையும் அவரே செய்ய வேண்டும் என்பதில்லை. என்ன பழுது, எவ்வளவு பொருள் வேண்டும், எத்தனை ஆள் கூலி என்று தெரிந்தவரிடம் யாரும் கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

புயலுக்குப் பின் வந்த நாட்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஓடு பறந்த வீடுகளும் ஷீட் உடைந்த வீடுகளும் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று.

பேரிடர் என்பது எல்லா வீடும் ஒரே நாளில் பழுதாகும் நாள். அன்றைக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது. இருக்கும் சில கொத்தனார்களும் தச்சர்களும் எங்கே கூலி அதிகமோ அங்கே போவார்கள். வசதியில்லாத பெண்ணின் வீடு வரிசையில் கடைசியாக நிற்கும். ஓடு மாற்றவும், ஷீட்டை ஆணியடித்து இறுக்கவும், நனைந்த வயரிங்கை ஆராயவும் தெரிந்த பெண்கள் தெருவுக்கு இருவர் இருந்தால் நிவாரணம் வந்து சேரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை.

கலவை சுமப்பவர் கரணை பிடிக்கவில்லை

பெண்ணுக்கு இந்த வேலையெல்லாம் வருமா என்று கேட்பவர்கள், தமிழகத்தில் கட்டடம் எழும் எந்த இடத்துக்கும் போய்ப் பார்க்கலாம். மணல் சலிப்பது, ஜல்லி கொட்டுவது, கலவை சுமந்து சாரத்தில் ஏறுவது, ஏழு நாள் தண்ணீர் விட்டுச் சுவரை ஆற்றுவது எல்லாம் சித்தாள் பெண்கள்தான்.

இருபது ஆண்டுகள் கலவை தூக்கிய பெண்ணுக்குப் பதம் பார்க்கத் தெரியும். சிமென்ட் குறைந்திருக்கிறதா, தண்ணீர் கூடிவிட்டதா என்று சட்டியைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். ஆனால், அவருக்குப் பக்கத்தில் நேற்று வந்து சேர்ந்த இளைஞன் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிடுவான். அவர் கடைசி வரை சித்தாளாகவே இருப்பார். கூலியும் அந்த அளவிலேயே நின்றுவிடும். மற்றவர் வீடுகளையெல்லாம் எழுப்பிய அதே பெண், தன் வீட்டுச் சுவர் உதிர்ந்தால் பூசுவதற்கு ஆள் தேடுகிறார்.

அவருக்குத் திறமை குறைவில்லை, வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டிருக்கிறது. வாய்ப்புக் கிடைத்த இடங்களில் பெண்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், மகிளா சமாக்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் அடிபம்பு பழுதுபார்க்கக் கற்றார்கள். நம் கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு நாடெங்கும் பரவிய ‘இந்தியா மார்க்-2’ அடிபம்பின் கனத்த குழாய்களை மேலே இழுத்து வாசர் மாற்றினார்கள். தண்ணீர் சுமப்பவருக்குத்தான் பம்பு பழுதானால் வலிக்கும். ஆகவே பழுது உடனுக்குடன் தீர்ந்தது.

அகமதாபாத்தில், பெண் தொழிலாளர்களின் சங்கமான சேவா அமைப்பு 1994-ல் பெண்களின் குடியிருப்புக்கென்றே ‘மகிளா ஹவுசிங் டிரஸ்ட்’டைத் தொடங்கியது. 2003-ல் அதன் ‘கர்மிகா’ பள்ளி, கட்டட வேலையில் கூலியாட்களாக இருந்த பெண்களுக்குக் கொத்து வேலை, பூச்சு, வண்ணமடித்தல், குழாய் வேலை ஆகியவற்றில் பயிற்சி தரத் தொடங்கியது.

ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்துக்குக் கழிப்பறை கட்டக் கொத்தனார்கள் போதவில்லை. சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று பெயர் பெற்ற அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய்க் கழிப்பறைகளைக் கட்டி முடித்தார்கள்.

இவர்களில் பெரும்பாலானோர் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். தேவை இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, கையில் கருவி கொடுக்கப்பட்டது; அவ்வளவுதான்.

எதைக் கற்பிக்க வேண்டும்?

பாடத்திட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு அரைநாள் வீதம் பத்து வகுப்புகள் போதும்.

தண்ணீர்: வால்வு எங்கிருக்கிறது, வாசர் மாற்றுவது எப்படி, மிதவையைச் சரிசெய்வது, அடைப்பை ஆசிட் ஊற்றாமல் நீக்குவது, மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது.

மின்சாரம்: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே எதையும் தொடும் பழக்கம், பல்பு ஹோல்டரும் சுவிட்சும் மாற்றுதல், எம்.சி.பி. ஏன் விழுகிறது என்று கண்டுபிடித்தல். முக்கியமாக, ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பு சாதனம். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும் சாதனம் அது. அதில் இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். துணி காயப்போடும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து பெண்கள் இறந்த செய்திகளை மழைக்காலத்தில் படிக்கிறோம். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டினாலே அந்த ஆபத்துப் பெருமளவு குறையும் என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

சமையல் எரிவாயு: ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கொரு முறை மாற்றுவது, சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டறிவது, வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னலைத் திறப்பது, 1906 என்ற அவசர எண்ணை அழைப்பது.

சுவரும் தளமும்: ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு பூச்சு மணல் என்ற கலவை, பூசும் முன் சுவரை நனைப்பது, பூசிய பின் ஏழு நாள் தண்ணீர் விடுவது, ஆடி, ஆவணியில் மாடியேறிப் பார்ப்பது. ஒரு விரிசல் ஆபத்தானதா என்று தெரிய, அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். இதற்குப் பென்சில் தவிர வேறு செலவில்லை.

மரமும் இரும்பும்: கீல், தாழ்ப்பாள், கரையான், சன்னல் கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்துப் பிரைமர் அடிப்பது.

இவற்றோடு, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் பாடமாக வேண்டும். மின் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் பெட்டி ஆகியவற்றைத் தொடக் கூடாது; அதற்கு மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987 இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரும் இறங்கக் கூடாது. யாரையும் இறக்கவும் கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டின் மேல் நேராகக் காலும் வைக்கக் கூடாது. தூண், உத்தரம், தளத்தின் கம்பி ஆகியவற்றில் கைவைக்கப் பொறியாளரின் கண் வேண்டும். இந்த எல்லையைச் சொல்லாத பயிற்சி உதவியைவிடத் தீங்கையே செய்யும்.

எழக்கூடிய கேள்விகள்

சமைத்து, துவைத்து, பிள்ளைகளைக் கவனித்து, கூலி வேலைக்கும் போகும் பெண்ணின் தலையில் இதையும் ஏற்ற வேண்டுமா? நியாயமான கேள்வி. ஆனால், ஒழுகும் வீட்டின் சுமை இப்போதும் அவர் தலையில்தான் இருக்கிறது. ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைப்பதும், நனைந்த பாயைக் காயப்போடுவதும், பிளம்பருக்கு மறுபடி மறுபடி போன் செய்வதும் அவர்தான். பயிற்சி அந்தச் சுமையைக் குறைக்கும். ஆண்களுக்கும் பயிற்சி தர மறுப்பில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரை விட்டுவிட்டுத் தரக் கூடாது.

பெண்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசும் ஒப்பந்ததாரரும் கைகழுவிவிட மாட்டார்களா? இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. தரமில்லாமல் கட்டிய வீட்டின் குறையைத் தீர்ப்பது கட்டியவரின் கடமை. அதில் எந்தச் சலுகையும் கூடாது. வேலை தெரிந்த உரிமையாளர்தான் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி எழுதிக் கொடுக்க முடியும். அடித்தளத்திலும் கூரை மட்டத்திலும் தவணைப் பணம் விடுவிக்கும் முன் பயனாளியின் கண்ணும் சேர்ந்து பார்த்தால் முறைகேட்டுக்கு இடம் குறையும்.

பிளம்பர், எலெக்ட்ரீஷியன் பிழைப்பு கெடாதா? வாசர் மாற்றும் வேலைக்கு வரவே விரும்பாதவர்கள் அவர்கள். சின்னப் பழுதைத் தானே தீர்த்துக்கொள்ளும் வீடு, பெரிய வேலைக்குத் தகுதியானவரைத் தேடி அழைக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு வீட்டுவசதித் திட்டத்திலும் வீட்டுச் செலவில் ஒரு சதவீதத்தைப் பராமரிப்புப் பயிற்சிக்கும் கருவிக்கும் ஒதுக்க வேண்டும். மூன்றரை லட்சத்தில் ஒரு சதவீதம் என்பது 3,500 ரூபாய். ஒரு லட்சம் வீடுகளுக்கு 35 கோடி. இந்தத் தொகையில் டெஸ்டர், திருப்புளிகள், ஸ்பேனர், சுத்தியல், கரணை கொண்ட ஒரு பெட்டியையும் பத்து அரைநாள் வகுப்புகளையும் தர முடியும்.

இரண்டாவதாக, வகுப்பை வீடு கட்டும்போதே தொடங்க வேண்டும். குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, வயர் எங்கே திரும்புகிறது என்பதைச் சுவர் மூடுவதற்கு முன் பார்த்தவருக்கு அது ஆயுளுக்கும் நினைவிருக்கும். அந்த நிலையில் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் இந்தப் படங்களோடு, அச்சிட்ட பராமரிப்புக் கையேடும் தமிழில் தர வேண்டும்.

மூன்றாவதாக, சுயஉதவிக் குழுக்களின் வலையமைப்பைப் பயன்படுத்த வேண்டும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழு இயக்கம் இன்று ஊராட்சிதோறும் கூட்டமைப்பாக வேரூன்றியிருக்கிறது. வகுப்புகளைக் கூட்டமைப்பின் கட்டடத்திலும் உறுப்பினர்களின் வீடுகளிலும் நடத்தலாம். ஓர் உறுப்பினரின் பழுதான குழாயே அன்றைய பாடமாகட்டும். கற்றுத் தருபவர் கூடுமானவரை பெண்ணாக இருக்கட்டும். வேலைக்குப் போக முடியாத அரைநாளுக்குக் கூலி இழப்பையும் ஈடுகட்ட வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாத வகுப்புக்கு யார் மிகவும் தேவையில் இருக்கிறாரோ அவரே வர முடியாமல் போகும்.

நான்காவதாக, ஊராட்சிக்கு இரண்டு பெண்களையாவது முழுநேரப் பழுதுநீக்குநர்களாக உருவாக்க வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களும் இதற்கு இருக்கின்றன. பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டத்திலேயே 45 நாள் கொத்தனார் பயிற்சிக்கு வழி உண்டு. நீண்ட காலம் சித்தாளாக இருந்த பெண்களுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும். பயிற்சி நாட்களில் கூலி, முடித்ததும் சான்றிதழ், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவில் கொத்தனார் என்ற மாற்றம் ஆகிய மூன்றும் வேண்டும். எந்த வேலைக்கு என்ன கூலி என்ற பட்டியல் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

ஐந்தாவதாக, தனியாக வாங்க முடியாத கருவிகளுக்கு ஒரு பொது இருப்பு வேண்டும். ஏணி, டிரில்லிங் மெஷின், பைப் ரெஞ்சு, அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் ஆகியவற்றைக் கூட்டமைப்பு வாங்கி வைத்து நாள் வாடகைக்குத் தரலாம். ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் அளவில் பழுதுபார்ப்புக் கடனையும் குழு நிதியிலிருந்து உடனடியாகத் தர ஏற்பாடு வேண்டும். விரிசலுக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகும் நிலை இருக்கக் கூடாது.

ஆறாவதாக, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் வீடு வீடாகப் பார்வையிட வேண்டும். பயிற்சி பெற்ற பெண்கள் மாடி, சுவர், மின் இணைப்பு ஆகியவற்றைப் பார்த்து ஒரு தாளில் குறிக்கட்டும். கம்பி தெரிகிற, விரிசல் நீள்கிற வீடுகளின் பட்டியல் ஒன்றியப் பொறியாளருக்குப் போகட்டும். அவர் அக்டோபருக்குள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதை ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும்.

ஏழாவதாக, நகரங்களை மறந்துவிடக் கூடாது. சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல்வீட்டுக் கழிப்பறையின் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் இறங்கினால் இரண்டு குடும்பங்களுக்கும் சண்டை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்கள் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் தருகிறது. அந்த நிதியிலிருந்து அதே குடியிருப்பின் பெண்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்துப் பராமரிப்புக் குழு அமைக்கலாம். சென்னையின் மையத்திலிருந்து தொலைதூரம் மாற்றப்பட்டு வேலை இழந்த பெண்களுக்கு வாசலிலேயே வேலை கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

இதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. தமிழகத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஓர் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்து, ஊராட்சிக்கு இரண்டு பெண்களுக்கு முழுப் பயிற்சி தந்தால் 776 பயிற்றுநர்கள் உருவாவார்கள். அவர்கள் தங்கள் ஊரில் ஆளுக்கு முப்பது வீடுகளுக்குச் சொல்லித் தந்தாலே ஒரே ஆண்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பயிற்சி போய்ச் சேரும். பழைய தொகுப்பு வீடுகள் அதிகமுள்ள, புயல் அடிக்கடி தாக்கும் கடலோர ஒன்றியங்கள் முதல் வரிசையில் இருக்கட்டும்.

ஊரக வளர்ச்சித் துறை, மகளிர் மேம்பாட்டு நிறுவனம், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆகிய மூன்றும் ஒரே அரசாணையில் கைகோத்தால் இது நடக்கும். வரும் நிதிநிலை அறிக்கையில் அந்த ஒரு சதவீதத்தை எழுதிச் சேர்க்க வேண்டும். கிராமசபைக் கூட்டங்களில் பெண்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றி அனுப்ப வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த கிராமசபையிலேயே தொடங்கலாம்.